மண்ணூர்பேட்டையில் மூன்று மணிச் சங்கு

மண்ணூர்பேட்டையில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். ஒரே தொழிற்சாலையை நம்பி வளர்ந்த தெரு. அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனாலும் மூன்று மணிக்கு ஷிப்டு முடியும் சங்கு ஊதுகிறது, டீக்கடை ஸ்பீக்கரிலிருந்து. வேலையிழந்தவர்கள் வீடுகளிலிருந்து வந்து டீக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

"ஸ்பீக்கருக்குப் போலீஸ் அனுமதி வாங்கணுமே, அம்மா" என்கிறேன் டீக்கடைக்காரி தெரசாவிடம்.

"கம்பெனிய மூடும்போது எங்கள யாரு கேட்டா நைனா? வேற மொதலாளி வருவான்னு அல்லாரும் காத்துகினு கீறாங்க. அதுவரைக்கும் ஜனம் கலையாம இருந்தாத்தான் என் கடை பொழைக்கும்."

மூடுவதற்கான விதிமுறைகளை விளக்க வாய் திறக்கிறேன். எதிரே காவலாளி, சங்கு கேட்ட பழக்கத்தில், தொழிற்சாலைக் கதவை அகலத் திறக்கிறார். யாரும் வெளியே வரவில்லை. பூட்டிவிட்டு அவரும் வருகிறார்.

எனக்கு நீட்டிய டீயைத் தெரசா அவரிடம் கொடுக்கிறாள்.

"நீ இரு நைனா. டூட்டி முடிச்சவங்களுக்குத்தான் மொதல்ல."