மாட்டுத் தடத்தில் எடுத்த படங்கள்

பூதலூர் பாசஞ்சரில் இடமில்லாமல் சாமான் வைக்கும் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. கீழே ஒருவர். பக்கவாட்டில் பார்த்தபோது நிறைய முடி. மேலிருந்து பார்த்தால் பாதி வழுக்கை. புல்லும் இப்படித்தானே! தூரத்தில் நின்றால் அடர்த்தி; நேர் மேலிருந்து பார்த்தால்தான் தரையை எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரியும்.

அப்போது எங்கள் ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. புல் அழிந்துவிட்டது, ஒரு வருஷம் ஆடுமாடு விடாமல் மூடிவைக்கலாம் என்று சிலர். கூடாது என்று சிலர். நான் அளந்து சொல்கிறேன் என்று முந்திக்கொண்டேன். செல்போனைக் கவிழ்த்துப் பிடித்து, நடந்துகொண்டே படமெடுத்தேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அடுத்த தெரு அக்கா, "என்ன தம்பி, சொந்தச் செருப்பையே போட்டோ புடிக்கிறீங்க?" என்று சிரித்தார்.

ஊர்க்கூட்டத்தில் படங்களைத் திரையில் காட்டினேன். பெரும்பாலும் வெறும் செம்மண். சித்திரையிலிருந்து மேய்ச்சல் கிடையாது என்று முடிவானது. எனக்குக் கைதட்டல். வெளியே வந்தபோது அந்த அக்கா சிரிக்கவில்லை.

"வயக்காட்டுல விட்டா அடிக்க வர்றாங்க. நான் எங்க ஓட்டிட்டுப் போறது, சொல்லுங்க தம்பி?"

மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏதோ உளறினேன்.

மறுநாள் படங்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தேன். ஒன்றில் குளம்படி. அடுத்ததில் ஆட்டுப் புழுக்கை. அதற்கடுத்ததிலும். எடுத்த எல்லாமே மாடுகள் தினமும் நடந்து தேய்த்த தடம். வரப்பை விட்டு இறங்கினால் 'பயிரை மிதிக்கிறியா' என்று திட்டு வாங்கி வளர்ந்த கால். நெல்லே இல்லாத மேட்டிலும் தானாகப் பாதையைப் பிடித்துக்கொண்டது. புல் இருந்த இடத்தில் நான் கால் வைக்கவே இல்லை.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு வியாபாரியை வரச் சொல்லிவிட்டாராம். "சினை ஆட்டையும் சேத்தே கேக்குறான்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஊராட்சித் தலைவருக்குப் போன் செய்தேன். இப்போது மாற்றிச் சொன்னால் உனக்குத்தான் அசிங்கம் என்றார். அது ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

நாளைக் காலை நீளக் கயிற்றில் முடிச்சுகள் போட்டு, தடத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டப்போகிறேன். முடிச்சு விழுகிற இடத்தில் முள்ளோ புல்லோ மண்ணோ, அதைத்தான் படமெடுக்கணும். காய்ந்து சாய்ந்த புல்லும் மண்ணை மூடுகிறது, அதுவும் கணக்கு. அப்போதும் வெறும் தரைதான் தெரிந்தால், அதையும் நானே அக்காவிடம் சொல்லணும். எப்படியும் வியாபாரி வருவதற்குள் ஊரைக் கூட்டச் சொல்லி, முதலில் அளந்தது தப்பு என்று எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.