சீனா வரை போய் வந்த ஸ்டைனார்

எங்கள் நார்வேயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒன்று மலைக்குடிலுக்கு வர்ணம் அடிப்பார்கள், அல்லது முன்னோரைத் தேடுவார்கள். ஸ்டைனார் குடிலுக்கு வர்ணம் அடித்து முடித்துவிட்டிருந்தார். வாழ்நாளெல்லாம் பயணப் படகின் அடித்தட்டில் எஞ்சினோடு இருந்த மனிதர். மேல்தட்டில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டதும் இல்லை.

தேட வேண்டிய முன்னோர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அவருடைய அம்மா யோருனின் பெற்றோர், சீனாவில் ஹூனான் பக்கம் ஊழியம் செய்த மிஷனரிகள். எங்கள் கரையோர ஊர்களில் அந்தக் காலத்தில் மீனுக்கு அடுத்தபடியாக அதிகம் ஏற்றுமதியானது மிஷனரிகள்தான். தெரியாத ஊரில் தெரியாத பாஷையில் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கென்றே இங்கிருந்து கப்பலேறிப் போனார்கள். கூச்சம் என்பது அந்தத் தலைமுறைக்கு இல்லையா, அல்லது அதை முழுக்கப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போனார்களா என்று தெரியவில்லை.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது மட்டும் நிஜம். பள்ளி வயது வந்ததும் மிஷனரிப் பிள்ளைகளை ஊருக்குக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்துவிட்டு, பெற்றவர்கள் சீனாவுக்குத் திரும்புவது வழக்கம். அதற்குத் தியாகம் என்று பெயர். யோருனையும் ஏழு வயதில் அப்படித்தான் விட்டார்கள். கப்பல் கிளம்பிய நாளில் அவளுக்குத் தட்டம்மை. மாடியில் தனி அறையில் படுக்கவைத்திருந்தார்கள். அவள் அம்மா மார்த்தா வந்து விடைபெற்றதாக யோருனுக்கு நினைவில்லை. வரவேயில்லை என்பதுதான் நினைவு. பிறகு போர் வந்தது. மார்த்தா அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்பா தனியாகத் திரும்பி வந்து ஊர் ஊராகச் சீனாவைப் பற்றிப் பேசினார். மனைவியைப் பற்றி மகளிடம் பேசவில்லை.

முதியோர் இல்லத்தில் எண்பத்தெட்டு வயதில் யோருன் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“உன் வம்சப் படத்துல யாரை வேணும்னாலும் எங்கே வேணும்னாலும் ஒட்டிக்கோ. எங்கம்மா அன்னிக்கு என்னைப் பார்க்க வந்தாளா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு.”

ஸ்டைனார் ஆவணக் காப்பகத்துக்குப் போனார். மிஷனரிகள் எழுதாத விஷயமே இல்லை: மழை, நெல் விளைச்சல், ஞானஸ்நானம், கழுதைக்கு வந்த நோய். மகளிடம் விடைபெற்றது பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் ஜனவரியில், ஊர் வரலாற்றுச் சங்கக் கூட்டத்தில், விடுதிப் பிள்ளைகளின் பழைய படம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். ஓரத்தில் நின்ற பெரிய பெண்ணைப் பார்த்து, இது போர்கில்ட் என்றார் ஒருவர். யோருனோடு அதே வருடம் விடுதியில் இருந்தவள். இன்னும் உயிரோடிருக்கிறாள், ஞாபகம் கத்தி மாதிரி, ரொட்டிக்கடைக்குப் பின்னால் மஞ்சள் வீடு.

ஸ்டைனாரின் வீட்டிலிருந்து மூன்று தெரு.

இனி என்ன நடந்திருக்க வேண்டும் என்று வேறு நாட்டுக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரில் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது, வீடு தீப்பிடித்தால் மட்டும். அதுவும் அவர்கள் வீடாக இருக்க வேண்டும். ஸ்டைனார் முதலில் தொலைபேசினார். இரண்டு முறை மணி அடித்ததும், அவர்கள் சாப்பிடும் நேரமாயிருக்குமோ என்று தோன்றி வைத்துவிட்டார். அப்புறம் நடைப்பயிற்சியை அந்தத் தெரு வழியாக மாற்றிக்கொண்டார். மஞ்சள் வீட்டுக்கு எதிரே நின்று பார்ப்பார். விளக்கு எரியாவிட்டால் தூங்குகிறாள். எரிந்தால் யாரோ வந்திருக்கிறார்கள். இரண்டு விதத்திலும் அது தட்டக்கூடிய நேரமில்லை.

பிப்ரவரி அப்படிப் போனது. ஈஸ்டருக்கு எல்லோரும் மலைக்குப் போயிருப்பார்கள் என்று விட்டார். மே மாதம் தேசிய தினக் கொண்டாட்டம். ஜூலையில் நாடே விடுமுறையில் இருக்கும்போது வயதானவளைத் தொந்தரவு செய்யலாமா? யோருனும் இதற்கு உடந்தை. மகன் விஷயத்தைச் சொன்னபோது முகம் மலர்ந்தவள், உடனே, அவசரமில்லை, அந்தம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வரும்போது மட்டும் அவர் முகத்தையே பார்ப்பாள். கேட்கமாட்டாள்.

செப்டம்பரில் ஸ்டைனார் சீனாவுக்குப் போனார்.

அங்கே அவர் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல பாஷையும் தெரியாது. பயணக் குழுவோடு போனவர், தாத்தாவின் தேவாலயம் இருந்த சிற்றூரில் இறங்கி, மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு முதலில் தென்பட்ட வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அந்த வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, மிளகாய் போட்ட மீனும் சோறும் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் அவரை ஒரு குன்றுக்குக் கூட்டிப்போனார். மார்த்தாவின் கல்லறை இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூட விளையாட்டு மைதானம். பையன்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டைனார் ஓரத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மஞ்சள் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அங்கேதான் முடிவு செய்தார். மிளகாயின் தைரியமாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்து, குவிந்துகிடந்த செய்தித்தாள்களைப் புரட்டியபோது, போர்கில்டின் மரண அறிவிப்பு இருந்தது. அடக்கம் வெள்ளிக்கிழமை, ஆராதனைக்குப் பின் நினைவுக் கூட்டத்துக்கு அனைவரும் வரலாம்.

எங்கள் ஊரில் அழைப்பில்லாமல் போகக்கூடிய ஒரே இடம் சாவுதான். ஸ்டைனார் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். தேவாலயத்துப் பின்கூடத்தில் ரொட்டித் துண்டுகளும் காப்பியும் வைத்திருந்தார்கள். போர்கில்டின் மகள் துரிட் மேசை மேசையாக வந்தவள், அவரைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள்.

“எங்க வீட்டுக்கு எதிர்ல நிப்பீங்களே, அது நீங்கதானே? அம்மா ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, பாவம், நாயைத் தொலைச்சவர் போலிருக்குன்னு சொல்வாங்க.”

ஸ்டைனார் தான் யோருனின் மகன் என்றார். துரிட் காப்பிக் குடுவையை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

கதை சின்னது. கப்பல் கிளம்பிய காலையில் மார்த்தா விடுதிக்கு வந்தாள். விடுதித் தலைவி மாடிக்கு விடவில்லை. தொற்றிக்கொண்டால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். குழந்தையை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டுவந்து காட்டச் சொல்லி, பதினோரு வயது போர்கில்டை மேலே அனுப்பினார்கள். அம்மை என்றால் போர்கில்டுக்குப் பயம். படிக்கட்டுத் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கீழே வந்து, குழந்தை தூங்குகிறது என்று சொல்லிவிட்டாள். மார்த்தா வெளியே நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

“அம்மாவுக்கு அது கடைசிவரைக்கும் உறுத்திட்டே இருந்துச்சு. யோருன் இங்கேதான் இருக்காங்கன்னும் தெரியும். போன் பண்ணும்மான்னு எத்தனையோ தடவை சொன்னேன். இத்தனை வருஷம் கழிச்சு நிம்மதியா இருக்கிறவளை எதுக்குக் கிளறணும்னுட்டாங்க.”

ஸ்டைனார் அன்றைக்கே முதியோர் இல்லத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமை அவர் வருகிற நாளில்லை. யோருன், “யார் செத்தது?” என்று கேட்டாள். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான். முடிவில், “வந்திருக்காங்கம்மா. உன் அம்மா வந்திருக்காங்க,” என்றார்.

யோருன் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எந்தப் பக்கம் நின்னா? ரோட்டுப் பக்கமா, ஆப்பிள் மரத்துப் பக்கமா?”

“தெரியலம்மா.”

“தலையில தொப்பி இருந்துச்சா? சாம்பல் கலர்ல ஒண்ணு வச்சிருப்பா.”

“அதை துரிட் சொல்லல.”

“துரிட்டுக்கு எப்படித் தெரியும்? அவ பொறக்கவே இல்லையே. எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளா?”

ஸ்டைனாருக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. மற்றதெல்லாம் தெரிந்த ஒரே ஆளை அன்று மத்தியானம்தான் புதைத்திருந்தார்கள். அவரும் ஒரு பிடி மண் போட்டிருந்தார்.

யோருன் போர்வையின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“நான் தூங்கலடா. அன்னிக்கு முழுக்க முழிச்சுட்டுதான் படுத்திருந்தேன். படியில யாரோ வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. அம்மாதான்னு நெனச்சேன். கூப்பிட்டா திட்டுவாங்களோன்னு பேசாம இருந்துட்டேன்.”