சந்தை மூலையில் ஒரு சின்னக் கட்டம்

நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தை ஊருக்கும் சுற்றியுள்ள பதினாறு கிராமங்களுக்குமான வளர்ச்சித் திட்டத்தை இருபத்திரண்டு வருஷத்தில் நான்கு முறை வரைந்துவிட்டார். அதிகாரி மாறினால் திட்டமும் மாறும். புறவழிச்சாலை ஒருவருக்கு வடக்கே ஓடும், அடுத்தவருக்குத் தெற்கே. ஊரில் மட்டும் ஒரு கல்கூட நகர்ந்தபாடில்லை. அக்காவுக்குக் கழுத்து வலியோடு அலுப்பும் ஒட்டிக்கொண்டது.

நான்காம் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அக்காவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கிராமத்திலிருந்து கீரை கொண்டுவந்து விற்கும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"ரோடு, பாலமெல்லாம் இருக்கட்டும் சார். விடியறதுக்கு முன்னாடி சந்தைக்கு வர்றோம். மதியம் வரைக்கும் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. அதப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

"பாக்கலாம்மா" என்ற அதிகாரி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் அக்கா யாரையும் கேட்காமல் சந்தையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, ‘பெண்கள் கழிப்பறை’ என்று எழுதினார். சாலைக்காக மல்லுக்கு நின்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. திட்டம் அப்படியே கையெழுத்தாகிவிட்டது.

சாலை வழக்கில் சிக்கியது. பாலம் கோப்பிலேயே தூங்குகிறது. கழிப்பறையை எதிர்க்க ஆளில்லாததால் அது மட்டும் எழும்பிவிட்டது.

ஒரு நாள் காலையில் அக்கா போய்ப் பார்த்தார். ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையில் இருந்த கீரைக்காரிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"பின்னாடி போய் நில்லும்மா, வரிசை இருக்குல்ல" என்றாள்.

அக்கா கடைசியில் போய் நின்றார். கால் வலித்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.