துப்பாத வாய்

திராட்சைத் தோட்டத்திலிருந்து பஸ் போகும் வீதிவரை ஒரு சேற்றுப் பாதை. அதில் நான் விறுவிறென்று நடந்துகொண்டிருந்தேன். என் சிநேகிதன் பின்னால் ஓடிவந்தான்.

"மச்சான், நில்லடா. ஒருக்காப் போய் முதலாளிக்கு முன்னால துப்பிப்போட்டு வா, காணும்."

"மாட்டன்."

"நேற்று முழுக்க நான் துப்பினன். செத்தா போனன்?"

அவனும் நானும் பாரிஸிலிருந்து ஒன்றாக லண்டன் வந்தவர்கள். தோர்ண்டன் ஹீத்தில் ஒரே அறை. அவனுடைய முதலாளி பக்கத்தில் மிச்சம் என்ற இடத்தில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தார். புதிதாக வைன் கடை ஒன்று திறக்க இருந்தார். கவுண்டரில் எனக்கும் இடம் தருவதாகச் சொல்லி, சனி ஞாயிறு இரண்டு நாளும் எங்களை வைன் ருசி பார்க்கக் கூட்டிப்போனார். நான் இறைச்சிக் குளிரறையில் பெட்டி தூக்கி விரல் விறைத்துத் திரிந்த காலம். சூடான கடைக்குள் நிற்கும் அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வாயில் எடுத்து உருட்டிவிட்டு, மேசை நடுவிலிருக்கும் வாளியில் துப்ப வேண்டும். எல்லாருக்கும் ஒரே வாளி. சனிக்கிழமை நான் எல்லாவற்றையும் விழுங்கினேன், யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, லண்டனின் வடக்கு ஓரத்திலிருந்த இந்தத் தோட்டத்தில், முதலாளி கண்டுவிட்டார்.

"தம்பி, இது கலியாண வீடில்லை. துப்பும்."

"ஊத்தித் தந்த ஆளுக்கு முன்னாலயே துப்புறதோ அண்ணை? நான் செய்யமாட்டன்."

"அப்ப குடிவெறியிலயோ என்ர கடையில நிக்கப்போறீர்?"

"அப்ப நான் நிக்கேல்லை" என்று கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சிநேகிதன் விடவில்லை. "ஊத்தித் தந்த வெள்ளைக்காரியே துப்பினவள், பாக்கேல்லையோ?"

"பாத்தனான்."

"பிறகென்ன உனக்கு?"

ஐரோப்பாவுக்குள் வரும் வழியில், காட்டில் ஒரு போத்தல் தண்ணீரை அவனும் நானும் பங்கு போட்டோம். ஒரு வாய் எடுத்தால் அது சூடேறும் வரை வைத்திருந்துதான் விழுங்குவோம். அதை நான் அவனுக்கு நினைவூட்டவில்லை. அவனும் அங்கே இருந்தவன்தானே. அவன் துப்பப் பழகிக்கொண்டான். அது அவன் பாடு. நானும் பிழைப்புக்காக எத்தனையோ பழகியிருக்கிறேன். இன்னொருவனுடைய பத்திரத்தில் வேலை செய்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடப் பழகினேன். இதைப் பழக எனக்கு மனமில்லை.

பாதை முடிவில், தோட்டத்து வாசல் படலையில் ஒரு பலகை தொங்கியது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த இங்கிலிஷ் பிடிபடவில்லை. "என்ன போட்டிருக்கு?" என்றேன்.

"பழம் ஆய ஆள் வேணுமாம். நாளைக்குக் காலமை வரட்டாம்." வாசித்த பிறகுதான் நான் அந்த வேலைக்கு வரப்போவது அவனுக்கு விளங்கியது. "விசராடா உனக்கு? மழைக்க நிண்டு சாகப்போறியோ?"

"நீ உள்ள போ. உன்ர வாளி பாத்துக்கொண்டு நிக்கும்."

தூஷணத்தில் ஒரு சொல் சொன்னான். பிறகு தன் கையுறைகளைக் கழற்றி என் நெஞ்சில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

மறுநாள் காலை அந்தக் கையுறைகளோடு, தூறலில், கொடி வரிசைக்குள் நின்றேன். கையில் கத்தரி, காலடியில் ஒரு வாளி. முதல் குலையை வெட்டியதும் ஒரு பழத்தை வாயில் போட்டேன். நல்ல புளிப்பு. கொட்டையோடு விழுங்கிவிட்டு அடுத்த குலைக்குக் கை நீட்டினேன்.