சூடானால் ஊமை

போன வாரம் தபால் நிலையத்தில் ஒரு பார்சலுக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். சுடரில் அரக்கு உருகி அந்த வாசனை எழும்பியதும் என் கால்கள் தாமாக இரண்டடி பின்னால் போய், வரிசையில் நின்ற அம்மாளின் காலை மிதித்துவிட்டன. "கண்ணு தெரியலயா?" என்றார். கண் நன்றாகத்தான் தெரிந்தது. மூக்குதான் என்னை நாற்பது வருஷம் பின்னால் தூக்கி எறிந்துவிட்டது. அரக்கு உருகினால் யாரோ அடிபடப் போகிறார்கள் என்று அதற்கு ஒரு நம்பிக்கை.

அப்போது நான் எஞ்சின் பிட்டர். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் எங்கள் பட்டறை முதலாளிக்குச் சேதி எட்டவில்லை. அவரைப் பிரெஞ்சில் 'பத்ரோன்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் 'அலே' என்று விரட்டினால் நான் சைக்கிளை எடுக்க வேண்டும். பெட்ரோலில் கிளப்பிக் கிருஷ்ணாயிலில் ஓடவிடுகிற கிணற்றடி எஞ்சின்களோடு மல்லுக்கட்டுவது வேலை. இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்காவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்துக் கையை முறித்துவிடும். என் வலது கட்டைவிரல் இன்றும் மழைக்கு முன்னால் வானிலை அறிக்கை வாசிக்கிறது.

ஊரை ஒட்டிய சாரம் கிராமத்தில் அப்போது வயல்கள் இருந்தன. அங்கே கோவிந்தசாமி, ஏழுமலை என்று அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு, ஒரே எஞ்சின். விடிந்ததிலிருந்து உச்சிவரை அண்ணன் முறை. அதற்குப் பிறகு விளக்கு வைக்கும்வரை தம்பி முறை. அண்ணனுக்கு எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பும். அவர் நிறுத்திவிட்டுப் போனதும் தம்பி சுற்றுவார், சுற்றுவார், உள்ளங்கையில் கொப்புளம் உடையும். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமாது. பொழுது சாய்ந்தபின் மனமிரங்கிக் கிளம்பும். அதற்குள் முறை முடிந்துவிடும். தம்பியின் நெற்கதிர் பால் பிடிக்கிற வாரம் அது. இன்னும் நாலு நாள் தண்ணீர் பாயாவிட்டால் எல்லாம் பதர்.

ஏழுமலை கூப்பிட்டு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் காலையில். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கிற உத்தமன் நான். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின் தொட்டதும் கிளம்பியது. கையைத் துடைத்துக்கொண்டு பெரிய டாக்டர் தோரணையில், "இஞ்சினு நல்லாத்தான் இருக்குது. சுத்தத் தெரியணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.

எஞ்சின் நல்லதென்றால் கெட்டவன் யார் என்று ஏழுமலை யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் தடவை உச்சியில் வரச் சொன்னார். அண்ணன் அப்போதுதான் எஞ்சினை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றினேன். ஊமை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் சாய்த்து வைத்து மறுபடி சுற்றினேன். நீலமாகச் சொடுக்க வேண்டிய பொறி, மஞ்சளாக ஒரு தரம் முனகி அணைந்தது. பொறியைத் தருகிற மேக்னெட்டோவைத் தொட்டேன்; விரல் பொசுங்கியது. உள்ளே கம்பிச்சுருளுக்குப் பூசிய அரக்கு வெந்து நாறியது. சுருள் சூடேறினால் சாகும், ஆறினால் பிழைக்கும். அவ்வளவுதான் விஷயம். அண்ணன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதைச் சொல்ல நிமிர்ந்தேன். நான் உருவி வைத்த ஹேண்டில் ஏழுமலையின் கையில் இருந்தது.

"தெனமும் என்னாண்ணே பண்ணிட்டுப் போற?"

"உனக்குச் சுத்தத் துப்பில்ல. பொண்டாட்டிய அனுப்பு, அவ சுத்துவா" என்றார் கோவிந்தசாமி, துண்டை உதறிக்கொண்டே. "நான் சோத்துக்குப் போறேன்."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மேஸ்திரி. இஞ்சினு நல்லாருக்குதுன்னுதான சொன்ன?"

'நான் சொன்னது தப்பு' என்று மூன்று சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த ஹேண்டிலின் எடை எனக்குத் தெரியும். சொன்னால் அது முதலில் யார் மண்டைக்கு வரும் என்றும் தெரியும். "கார்புரேட்டரப் பாக்கணும்" என்றேன்.

இரும்பு எலும்பில் விழுவது பெரிய சத்தமில்லை. காய்ந்த கொம்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரிதான். தடுக்கத் தூக்கிய கோவிந்தசாமியின் இடது கை, முழங்கைக்குக் கீழே வேறு திசையைப் பார்த்தது. அடுத்த அடி தோளில். விழுந்தவர் விழுந்தபடியே தம்பியின் கெண்டைக்காலைக் கடித்துச் சதையைக் கிழித்தார். மூன்றாவது அடிக்கு ஹேண்டில் தலைக்கு மேலே போனது.

நான் எங்கே என்கிறீர்களா? கிணற்றுக்குள். குதித்தேனா, விழுந்தேனா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் பம்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஹேண்டில் எட்டாத ஆழத்திலிருந்து வீரமாகக் கத்தினேன்: "மேக்னெட்டோ கெட்டுப்போச்சு. அண்ணன் ஒண்ணும் பண்ணல." கிணறு அதை இன்னொரு தரம் சொன்னது.

மேலே ஹேண்டில் கல்லில் விழுகிற சத்தம் கேட்டது.

கயிறு போட்டு என்னைத் தூக்கியதும் ஏழுமலைதான். ஈரச் சாக்கை மேக்னெட்டோமேல் போட்டேன். வண்டி பூட்டி, அண்ணனைத் தூக்கிக் கிடத்தி முடிப்பதற்குள் அது ஆறிவிட்டது. ஒரே சுற்று; கிளம்பியது. ஓடுகிற எஞ்சினை ஏழுமலை சற்று நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தன் வயலுக்குப் போகிற மடையை அடைத்தார், அண்ணன் பக்கம் திறந்துவிட்டார், ரத்தம் வழிகிற காலோடு வண்டிக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கோவிந்தசாமியின் கை அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. பெரிய மார்க்கெட்டில், கத்தரிக்காய்க் கடைகள் பக்கம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மடங்கிய கையாலேயே என் தோளில் தட்டி, "மேஸ்திரி, இஞ்சினு நல்லாத்தான் இருக்குது, இல்ல?" என்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பேன். கிணற்றுக்குள் விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது என்று அவர் நினைத்திருந்தார். மேக்னெட்டோ கெட்டது மேலே நிற்கும்போதே தெரியும் என்று நான் சொல்லவே இல்லை.

வயல் வீடுகளாகிவிட்டது. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். மேக்னெட்டோ என்றால் இன்றைய மெக்கானிக் பையன்கள் மாத்திரைப் பெயரா என்கிறார்கள். போன தைக்கு முந்தின தையில் கோவிந்தசாமியும் போய்விட்டார். மார்க்கெட்டுக்கு நான் இன்னும் போகிறேன். கத்தரிக்காய்க் கடைகளுக்குப் பக்கம் வந்ததும் தோள் தானாகக் கொஞ்சம் தாழ்கிறது. யாரும் தட்டுவதில்லை.