கேஸ் கியூவில் கிடைத்த பரீதா

போன ஞாயிற்றுக்கிழமை சமையலின் நடுவே கேஸ் முடிந்துவிட்டது. சந்திக் கடைக்கு ஒரு போன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் புது சிலிண்டர் வீட்டுக்கே வந்துவிட்டது!

நல்ல விஷயம்தானே? ஆனால் பருப்பு கொதிப்பதைக் கேட்டுக்கொண்டு தனியாக நின்றபோது, அந்தப் பழைய கேஸ் கியூ ஞாபகத்துக்கு வந்தது. உண்மையைச் சொன்னால்... ஏக்கமாக வந்தது.

சிரிக்காதீர்கள்.

நாடு கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்தான அந்த மாதங்களில், கண்டியில் நாங்கள் காலிச் சிலிண்டரையே கதிரையாக்கி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நாடு ஏன் விழுந்தது? ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

"வரியக் கொறச்சு கஜானாவக் காலி பண்ணிட்டாங்க" என்றார் ஓட்டோக்காரர். "திடீர்னு உரத்த நிப்பாட்டுனா போஞ்சி எப்படிங்க காய்க்கும்?" என்றார் ஹேவாஹெட்டயிலிருந்து வந்த விவசாயி. "டொலர்ல கடன் எடுத்து, டொலர் வராத வேலையில போட்டா?" என்றார் ஓய்வுபெற்ற பேங்க்காரர். கொரோனா வந்து சுற்றுலாப் பயணிகள் நின்றுபோனதைச் சொன்னார் ஹோட்டல் சமையற்காரர். எல்லோரும் சொன்னது சரிதான். எல்லாம் சேர்ந்துதான் விழுத்தியது.

எனக்கு அடுத்து நின்றவர் பரீதா. திகனவில் துணிக்கடை வைத்திருந்தவர். கணவர் இல்லை. அங்கே கேஸ் வராததால், கண்டியில் தங்கை வீட்டில் தங்கி வரிசைக்கு வந்தார்.

"எல்லாம் சரி டீச்சர்... விழப்போற வீட்டுல ஈக்கிறவங்களுக்கு முன்னுக்கே ஒரு வார்த்த செல்லீக்கலாமே?" என்றார்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டா என்ன?

அந்த வரிசையில்தான் அவருடைய மகன் டோஹாவுக்குப் போன கதையைக் கேட்டேன். என் மகள் கனடாவுக்குப் போன கதையைச் சொன்னேன். பரீதா தன் பனிஸைப் பிய்த்துப் பாதி கொடுப்பார். ஒரே குடைக்குள் நனைந்தோம். பிறகு ஒரு நாள் கேஸ் லொறி வந்தது... அவரவர் சிலிண்டரோடு அவரவர் வழி. போன் நம்பர்கூட வாங்கவில்லை!

பருப்பை இறக்கி வைத்துவிட்டு, திகன பஸ்ஸில் ஏறினேன்.

விசாரித்துப் போனால், பரீதாவின் துணிக்கடை இப்போது போன் கடை. உள்ளே இருந்தவர் பின்பக்க வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்தவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"யா அல்லாஹ்... கேஸ் கியூ டீச்சர்!"

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். தேத்தண்ணி வந்தது.

"மக வந்தாங்களா?"

"இல்ல பரீதா. ரெண்டு வருஷத்துல வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனா. இப்ப அங்கேயே வீடு பார்க்குறாளாம். ஒங்க மகன்?"

"அவரும் வரல்ல. நாடு எழும்பிட்டுன்னு டீவில செல்றாங்க. எழும்பின நாட்டுல நாங்க ரெண்டு பேருந்தான் ஈக்கிறோம் போல."

சிரித்தோம்.

நாடு விழுந்ததற்கான காரணங்களைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எழும்பிய பிறகும் வீடுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று பேசத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் மூலையில் இருந்த புது சூட்கேஸைக் கவனித்தேன்.

"மகன் விசா அனுப்பீக்கார். அடுத்த மாசம் போறன்" என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

கண்டுபிடித்த அன்றே தொலைப்பதா?

"நல்லது பரீதா. போய்ட்டு வாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

பஸ் தரிப்பிடம் வரை கூடவே வந்தார். இந்தத் தடவை நம்பரை மறக்கவில்லை. பஸ் புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்களும் நாட்ட உட்டுப் போயிராதீங்க டீச்சர். நான் திரும்பி வந்தா, பேச ஒரு ஆள் வேணுமே..."

கவலை வேண்டாம் பரீதா — என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது!