தனிச் சட்டி

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு கடலை ஆராய்கிறேன் என்றால் எங்கள் வீட்டிலேயே நம்பமாட்டார்கள். "குடிதண்ணிக்கே கொடத்தோட நிக்கிற ஊருல கடலாமுல்ல!" என்பார் தோல் வியாபாரம் பார்க்கும் அத்தா. என் வேலைக்குக் கணினி போதும். அரபிக்கடலுக்குள் கட்டி இறக்கிய கருவி மேல்நோக்கி ஒலி அனுப்பும். எள்ளளவு மிதவை உயிரிகளின் மேல் பட்டுத் திரும்புவதைப் பதியும். அந்தப் பதிவுதான் என் மாடி அறைக்கு வரும்.

இரவில் மேலே வந்து மேய்ந்துவிட்டுப் பகலில் ஆழத்துக்கு இறங்குவது அந்த உயிரிகளின் வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஆக்சிஜன் குறைந்த குளிர்நீர் அடியிலிருந்து மேலேறுகிறது. அப்போது அவை அவ்வளவு ஆழம் போவதில்லை என்று பதிவை வைத்து நான் வரைந்த படங்களில் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் சொன்னது தோழியிடம். நெய்க்காரப்பட்டிக்காரி, என்னோடு ஒரே ஆய்வுக்கூடம். விடுமுறை என்றால் எங்கள் மாடியில்தான் வேலை பார்ப்பாள். அவள் பழனிக்கு மாலை போட்டிருந்தபோது, கறி மீன் படாத தனிச் சட்டியில் அம்மா அவளுக்கு வெஞ்சனம் வைத்தார்.

"இத இப்பவே சொல்லிப்போடலாம் புள்ள" என்றாள்.

"செத்த பொறு. மீனக் கழிக்காம வாயத் தொறக்கக் கூடாது" என்றேன். ஒலிக்கு ஆள் அடையாளம் தெரியாது. காற்றுப்பை உள்ள குட்டி மீன்கள் இன்னும் சத்தமாக எதிரொலிக்கும்; அதை நீக்கினால்தான் மிச்சம் யாருடையது என்று சொல்ல முடியும்.

அவள் பொறுக்கவில்லை. கருத்தரங்கில் என் படங்கள் திரையில் வந்தன, "நான் கண்டது" என்று அவள் பேசினாள். என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கைதட்டல் வேறு.

முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர் எழுந்தார். "மீன்களோட எதிரொலியைக் கழிச்சீங்களா?"

அவள் கண்கள் அரங்கம் முழுக்கத் தேடி என்னைக் கண்டுபிடித்தன. கையை நீட்டினாள்.

"அந்தக் கணக்கெல்லாம் அவங்க பார்த்ததுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பங்கு உண்டு என்று அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஊர் திரும்பியதும் அம்மா, "தை வரப்போகுதே, அந்தப் புள்ள மாலை போட்டுட்டு வருமா?" என்று கேட்டு, அந்தச் சட்டியை எடுத்துத் துடைத்தார்.

"இனிமே அதுல மீன் கொழம்பு வச்சிருங்கம்மா" என்றேன்.